பென் கிரகாம்: கணக்கைத் திறந்து பார்த்தவர்

வாரன் பஃபெட்டைத் தெரியாத ஆள் நம்ம ஹாஸ்டல்ல இருக்க வாய்ப்பே இல்லை. ரூம் சுவரில் போஸ்டர், ஸ்டேட்டஸில் தத்துவம், எங்க பார்த்தாலும் அவர்தான். அவருக்குப் பாடம் எடுத்த வாத்தியார் பேரைக் கேட்டால் மட்டும் பாதிப் பேர் முழிப்பாங்க. வகுப்புத் தோழன் காதில் சொன்ன ஷேரை செல்போனில் வாங்கிப் போடுறதுக்கு முன்னாடி, இந்த வாத்தியார் கதையை ஒரு தடவை படிச்சிடுங்க. பத்து நிமிஷம்தான் ஆகும்.

பெஞ்சமின் கிரகாம் 1894ல் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போ குடும்பப் பெயர் கிராஸ்பாம். (முதல் உலகப் போர் சமயத்தில் ஜெர்மன் வாடை அடிக்கிற பேரோடு அமெரிக்காவில் காலம் தள்ளுவது கஷ்டம். அதனால் கிரகாம் ஆனார்கள்.) ஒரு வயசுக் குழந்தையாக நியூயார்க் வந்தார். அப்பா பீங்கான் சாமான் இறக்குமதி செய்து விற்றவர். வீட்டில் சமையல்காரி, பணிப்பெண் எல்லாம் இருந்த வசதியான வாழ்க்கை. 1903ல் அப்பா போய்ச் சேர்ந்தார், வயசு 35தான். மூணு பையன்களில் கடைக்குட்டி பென்னுக்கு அப்போ 9 வயசுகூட நிரம்பவில்லை.

வியாபாரம் படுத்தது. அம்மா வீட்டையே வாடகைக்கு ஆள் தங்கும் விடுதியாக மாற்றிப் பார்த்தார், அதுவும் ஓடவில்லை. மிச்சம் இருந்த காசை வைத்து கடன் வாங்கி, அதாவது மார்ஜினில், யு.எஸ். ஸ்டீல் ஷேர் வாங்கினார். மார்ஜின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: உங்க கையில் 100 ரூபாய், புரோக்கர் தரும் கடன் 400, மொத்தம் 500க்கு வாங்குறீங்க. விலை 20 சதவீதம் இறங்கினாலே உங்க 100 காலி. கடன் அப்படியே நிற்கும். 1907ல் அமெரிக்காவில் வங்கிகள் முன்னால் கூட்டம் கூடி, சந்தை சரிந்தது. அம்மாவின் கணக்கு துடைத்து எடுக்கப்பட்டது. அதற்கப்புறம் ஒரு நாள் அம்மா கொடுத்த செக்கை மாற்ற பென் வங்கிக்குப் போனபோது, இந்த அம்மா பேரில் அஞ்சு டாலர் கொடுக்கலாமான்னு ஒரு ஊழியர் இன்னொருத்தரிடம் பையன் காதுபடவே கேட்டாராம். அதை அவர் வயசான பிறகும் மறக்கவில்லை.

படிப்பில் பையன் புலி. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்காலர்ஷிப் கிடைக்க வேண்டியது, அலுவலகம் அவர் பேரைச் சொந்தக்காரப் பையன் ஒருத்தன் பேரோடு குழப்பியதில் முதலில் தட்டிப் போச்சு. (பல்கலைக்கழக அலுவலகம் எந்த ஊரிலும் எந்த நூற்றாண்டிலும் ஒரே மாதிரிதான் போல.) பிறகு தப்பு தெரிந்து சேர்த்துக்கொண்டார்கள். 1914ல் வகுப்பில் இரண்டாவதாகத் தேறினார். ஆங்கிலம், கணிதம், தத்துவம் என மூணு துறைகளும் எங்களிடம் ஆசிரியராக வா என்று கூப்பிட்டன. 20 வயசுப் பையனுக்கு! ஆனா வீட்டு நிலைமை அப்படி. கல்லூரி டீன் வழிகாட்ட, வால் ஸ்ட்ரீட்டில் வாரம் 12 டாலர் சம்பளத்துக்குச் சேர்ந்தார்.

அன்றைய வால் ஸ்ட்ரீட் எப்படி இருந்தது தெரியுமா? கௌரவமானவர்கள் வாங்குவது கடன் பத்திரம். ஷேர் என்பது வதந்தி, உள்தகவல், கூட்டம் ஓடுகிற பக்கம் ஓடுவது. கம்பெனிகள் கணக்கை முழுசாக வெளியிட வேண்டும் என்ற சட்டம்கூட இல்லை. எங்கேயோ அரசாங்க அலுவலகத்தில் தூங்கும் அறிக்கைகளை எடுத்து எண்களைக் கூட்டிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. பென்னுக்கு இருந்தது.

1915ல் குகன்ஹைம் எக்ஸ்ப்ளோரேஷன் என்ற கம்பெனி தன்னைக் கலைத்துக்கொள்ள முடிவு செய்தது. அதன் கையில் சில தாமிரச் சுரங்கக் கம்பெனிகளின் ஷேர்கள் இருந்தன, அவையும் சந்தையில் விலை போகிறவையே. பென் எல்லாவற்றையும் கூட்டினார். ஒரு குகன்ஹைம் ஷேருக்குள் 76.23 டாலர் பெறுமான சொத்து. அந்த ஷேர் விற்ற விலை 68.88. அதாவது பையின் விலை உள்ளே இருக்கும் பணத்தைவிடக் கம்மி! குகன்ஹைமை வாங்கு, அதே சமயம் உள்ளே இருக்கும் சுரங்க ஷேர்களை விற்று வை, வித்தியாசம் உனக்கு. கம்பெனி கலைந்தது, லாபமும் வந்தது.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு விஷயத்தைப் பார்த்துடலாம். கணக்கர் சொல்லும் மதிப்பும் சந்தை சொல்லும் விலையும் ஏன் ஒத்துப்போவதில்லை? காலேஜ் வாசலில் ஒரு ஜெராக்ஸ் கடையை நினைச்சுக்குங்க. மெஷின் வாங்கியது 3 லட்சம். வருஷம் 60,000 தேய்மானம் கழித்தால், நாலு வருஷத்தில் புத்தகத்தில் நிற்பது 60,000. கல்லாவில் பணமும் பேப்பர் ஸ்டாக்குமாக 90,000. கடன் 50,000. ஆக புத்தக மதிப்பு 1 லட்சம். கணக்கர் வேலை அதோடு முடிந்தது. அவர் எழுதியது நடந்து முடிந்ததை. வாங்க வருபவன் வேறு கேள்வி கேட்பான்: செமஸ்டர் சமயத்தில் எவ்வளவு கூட்டம்? வருஷம் 2 லட்சம் லாபம் என்றால் 6 லட்சம்கூடக் கொடுக்கலாம். எல்லாரும் பிடிஎஃப்க்கு மாறிட்டா? 1 லட்சமே அதிகம். ஒருத்தர் இறந்தகாலத்தை எழுதுகிறார், இன்னொருத்தர் எதிர்காலத்தை ஊகிக்கிறார். ரெண்டு பேருமே தப்பு செய்யலாம். கிரகாம் வாழ்நாள் முழுக்க இந்த ரெண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் வேலை செய்தார்.

அவருக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இன்னும் கறாரானது. மெஷினை ஓரமாகத் தள்ளு, பூஜ்யம் என்றே வை. பணம், ஸ்டாக், வரவேண்டிய பாக்கி இவற்றிலிருந்து மொத்தக் கடனையும் கழி. நம்ம கடையில் 90,000 கழித்தல் 50,000, மிச்சம் 40,000. அதிலும் மூணில் ரெண்டு பங்குக்குக் கீழே, சுமார் 26,000க்குக் கடை கிடைத்தால் வாங்கு. நாளைக்கே இழுத்து மூடினாலும் நஷ்டம் வராது, மெஷின் இலவசம். இப்படி யாராவது விற்பாங்களான்னு சிரிக்கிறீங்களா? கொஞ்சம் பொறுங்க.

1926ல் அவர் வாஷிங்டனில் அரசு அலுவலகம் ஒன்றில் உட்கார்ந்து எண்ணெய்க் குழாய்க் கம்பெனிகளின் அறிக்கைகளைப் புரட்டினார். ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயிலை 1911ல் நீதிமன்றம் உடைத்தபோது பிறந்த கம்பெனிகள் இவை. அதில் நார்தர்ன் பைப் லைன் என்ற சின்னக் கம்பெனி. ஷேர் விலை 65 டாலர். ஆனா ஒவ்வொரு ஷேருக்கும் 95 டாலர் அளவுக்கு ரயில்வே பத்திரங்கள் வகையறா சும்மா படுத்துக் கிடந்தன. தொழில் நடத்த அவை தேவையே இல்லை. நிர்வாகத்திடம் போய், ஐயா இது பங்குதாரர் பணம், பிரித்துக் கொடுங்கள் என்றார். குழாய்த் தொழில் உனக்கு என்ன தெரியும் என்ற ரீதியில் திருப்பி அனுப்பினார்கள். 1927 ஜனவரியில் பென்சில்வேனியாவின் ஆயில் சிட்டியில் நடந்த ஆண்டுக் கூட்டத்துக்கு நேரிலேயே போனார். வெளியாள் அவர் ஒருத்தர்தான். அவர் கொண்டுவந்த தீர்மானத்தை வழிமொழிய ஆளில்லை, கூட்டம் முடிந்துவிட்டது.

ஒரு வருஷம் முழுக்க பங்குதாரர்களைத் தேடித் தேடி ஆதரவுக் கையெழுத்து வாங்கினார். அடுத்த கூட்டத்தில் இயக்குநர் குழுவில் ரெண்டு இடம் அவர் பக்கம். கடைசியில் ஷேருக்கு 70 டாலர் பிரித்துக் கொடுக்கப்பட்டது. 65 டாலருக்கு வாங்கிய பொருள் 70 டாலர் ரொக்கம் கொடுத்தது, கம்பெனியும் கையில் இருந்தது. எனக்கு அவர் வாழ்க்கையில் ரொம்பப் பிடித்த இடம் இது. எண்ணைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான், அந்த எண்ணை நிஜமாக்க ரயிலேறிப் போய் அவமானப்படவும் தயாராக இருந்தார்.

1928ல் கொலம்பியாவில் மாலை வகுப்பு எடுக்கத் தொடங்கினார். கூட்டம் அலைமோதியது, காரணம் அறிவுத் தாகம் மட்டும் இல்லை. சார் வகுப்பில் உதாரணமாகச் சொல்லும் ஷேரை வாங்கினால் காசு வருதுன்னு பசங்க கண்டுபிடிச்சிட்டாங்க. 1929 தொடக்கத்தில் அவர் நடத்திய கணக்கில் 25 லட்சம் டாலர் இருந்தது. சென்ட்ரல் பார்க் ஓரம் பெரிய அடுக்குமாடி வீட்டுக்குக் குத்தகை போட்டார்.

அப்புறம் 1929 அக்டோபர். அந்த வருஷம் 20 சதவீதம் நஷ்டம். இதோடு முடிந்தது, விலையெல்லாம் மலிவாகிவிட்டது என்று நினைத்துக் கடன் வாங்கியும் வைத்திருந்தார். 1930ல் 50 சதவீதம், 1931ல் 16, 1932ல் 3. கூட்டிக் கழித்தால் முதலீட்டில் 70 சதவீதம் காணோம். கடனில் ஷேர் வாங்கிய அம்மா என்ன ஆனார் என்பதைக் கண்ணால் பார்த்த பையன்தான், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை விட்டார். நடன ஆசிரியையான மனைவி மறுபடி வேலைக்குப் போனார். கிரகாம் வருஷக்கணக்கில் ஒரு பைசா ஊதியம் எடுக்காமல் வாடிக்கையாளர் பணத்தை மீட்க உழைத்தார். 1935 முடிவதற்குள் நஷ்டம் ஈடாகிவிட்டது.

இப்போ அந்த 26,000 ரூபாய் கடைக்கு வருவோம். 1932ல் கிரகாம் ஃபோர்ப்ஸ் பத்திரிகையில் மூணு கட்டுரை எழுதினார். நியூயார்க் சந்தையில் இருந்த சுமார் 600 தொழில் கம்பெனிகளில் 200க்கும் மேல், இழுத்து மூடினால் கிடைக்கும் நடப்புச் சொத்துக்குக் கீழே விலை போய்க்கொண்டிருந்தன. உயிரோடு இருப்பதைவிடச் செத்தால் அதிக விலை! பயம் பிடித்த சந்தைக்குக் கூட்டல் கழித்தல் தெரியாது. 1934ல் அவருடைய வகுப்பில் குறிப்பெடுத்த டேவிட் டாடுடன் சேர்ந்து செக்யூரிட்டி அனாலிசிஸ் புத்தகம் வெளிவந்தது. தலையணை சைஸ். அதே வருஷம் அவர் எழுதிய நாடகம் ஒன்று பிராட்வேயில் ஏறியது. நாலே காட்சிதான் ஓடியது.

கணக்கர்களை மட்டும் அவர் விட்டுவைத்தார் என்று நினைக்காதீங்க. 1936ல் ஒரு கேலிக் கட்டுரை எழுதினார். அம்மாவை மூழ்கடித்த அதே யு.எஸ். ஸ்டீல்தான் கதாநாயகன். கம்பெனி ஒரு ஆணி கூடுதலாகத் தயாரிக்காமல், பேனாவாலேயே லாபத்தைக் கூட்டுகிறது. ஆலை இயந்திரங்களின் மதிப்பை மைனஸ் 100 கோடி டாலர் என்று எழுதிவிடு. சொத்து மைனஸ் என்றால் தேய்மானமும் மைனஸ், மைனஸைக் கழித்தால் பிளஸ், வருஷாவருஷம் லாபம் தானாகக் கொட்டும். (எம்1 பேப்பரில் குறி மாற்றி அரியர் வாங்கிய நண்பர்களுக்கு இது சமர்ப்பணம்.) தொழிலாளிக்குச் சம்பளத்தைக் காசாகக் கொடுக்காதே, ஷேர் ஆப்ஷனாகக் கொடு, செலவுக் கணக்கில் சம்பளமே வராது. ஷேருக்கு நஷ்டத்தில் இருந்த கம்பெனி இப்படியே சுமார் 50 டாலர் லாபத்துக்குத் தாவுகிறது. படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனா ஆப்ஷன் ஊதியத்தைச் செலவாகக் காட்டியே ஆகணும் என்று அமெரிக்க கணக்கு விதி திருத்தப்பட்டது 2004ல்தான். ஒரு ஜோக் நிஜத்தில் முடிவுக்கு வர 68 வருஷம்.

1949ல் இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர் வந்தது. அதில்தான் புகழ்பெற்ற மிஸ்டர் மார்க்கெட் வருகிறார். உங்க தொழிலில் ஒரு பங்காளி, தினம் வந்து உன் பங்கை வாங்கிக்கவா, என் பங்கை விக்கவா என்று ஒரு விலை சொல்வார். ஒரு நாள் உற்சாகம், ஒரு நாள் அழுகை. விலை பிடித்தால் வியாபாரம் செய்யலாம், பிடிக்கலைன்னா வாசலோடு அனுப்பிடலாம், மறுநாள் கோபமில்லாமல் மறுபடி வருவார். சூதாடவே கூடாது என்றும் கிரகாம் சொல்லவில்லை. ஆசை இருந்தால் சின்னத் தொகையைத் தனிக் கணக்கில் போடு, முதலீட்டோடு கலக்காதே என்றார். காயின் விஷயத்தில் என் கருத்தும் அதுதான். லாபமோ கட்டடமோ கல்லாவோ எதுவும் இல்லாத ஒன்றில் கிரகாமின் தராசை வைக்க இடமே இல்லை. அடுத்தவன் அதிகம் தருவான் என்ற ஒரே நம்பிக்கைக்கு எந்தக் கணக்கரும் ஐந்தொகை போட முடியாது.

இப்போ விசித்திரமான பகுதி. 1948ல் கிரகாம்-நியூமன் நிறுவனம் கெய்கோ என்ற கார் இன்சூரன்ஸ் கம்பெனியில் பாதியைச் சுமார் 7 லட்சம் டாலருக்கு வாங்கியது. அது அவர்களுடைய நிதியில் கிட்டத்தட்ட கால்வாசி. பிரித்துப் போடு என்று ஊருக்கெல்லாம் சொன்னவர்! ஒரு முதலீட்டு நிறுவனம் இன்சூரன்ஸ் கம்பெனியில் இவ்வளவு வைத்திருக்கக் கூடாது என்று விதி குறுக்கே வந்தது. அதனால் ஷேர்களைத் தங்கள் பங்குதாரர்களுக்கே பிரித்துக் கொடுத்தார்கள். கெய்கோ வளர்ந்துகொண்டே போனது. வாங்கிய விலையைப்போல் 200 மடங்குக்கு மேல் ஏறியது. வழியெல்லாம் கிரகாமின் அளவுகோலுக்கு அது விலை கூடிய ஷேராகவே தெரிந்தது. விதிப்படி எப்போதோ விற்றிருக்க வேண்டும். இந்த ஒரே முடிவில் வந்த லாபம், 20 வருஷம் மாடாக உழைத்து மற்ற எல்லாவற்றிலும் சம்பாதித்ததை விட ரொம்ப அதிகம். இதை மறைக்காமல் தன் புத்தகத்தின் பிற்சேர்க்கையில் அவரே எழுதி வைத்தார்.

சொந்த வாழ்க்கை கணக்கு மாதிரி இல்லை. மூணு கல்யாணம். நியூட்டன் என்று ஆசையாகப் பெயர் வைத்த மூத்த மகன் 1927ல் மூளைக்காய்ச்சலில் இறந்தான். அதே பெயர் வைத்த இன்னொரு மகன் 1954ல் ராணுவப் பணியில் பிரான்சில் இருந்தபோது தற்கொலை செய்துகொண்டார். அந்த வருஷம்தான், கொலம்பியாவில் அவரிடம் படித்த பஃபெட் அவருடைய அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ரெண்டே வருஷத்தில் கிரகாம் கடையை மூடினார். காசு போதும் என்று தோன்றிவிட்டது. கலிஃபோர்னியாவுக்குப் போனார், ஸ்பானிஷ் நாவல் ஒன்றை மொழிபெயர்த்தார், கையடக்க ஸ்லைடு ரூல் கால்குலேட்டருக்குக் காப்புரிமை வாங்கினார். நம்ம டிபார்ட்மெண்ட்டுக்கு வர வேண்டிய ஆள்!

1976 செப்டம்பர் 21ல் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் ஊரில் 82 வயசில் காலமானார். அதே வருஷம் கெய்கோ திவால் விளிம்பில் நின்றது. முந்தைய வருஷ நஷ்டம் 12 கோடியே 60 லட்சம் டாலர், உச்சத்தில் 60 டாலரைத் தாண்டிய ஷேர் 2 டாலர் பக்கம் கிடந்தது. எல்லாரும் விற்றுவிட்டு ஓடிய அந்த மாதங்களில் அதை வாங்க ஆரம்பித்தவர் பஃபெட். 1996ல் மொத்தக் கம்பெனியும் அவருடையதானது.