கொல்லரின் மகன் நடத்திய காந்தப் பாடம்

மைக்கேல் ஃபரடே 1791இல் லண்டனில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் கிடைத்தது எழுத்து, வாசிப்பு, கொஞ்சம் கணக்கு, அவ்வளவுதான். 14 வயதில் புத்தகம் கட்டும் கடையில வேலை. கட்ட வந்த புத்தகங்களை வாசித்தே மின்சாரத்தை அறிந்தார். ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு எழுதிய குறிப்புகளை அழகாகக் கட்டி அவருக்கே அனுப்பினார். 1813இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது.

கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை அசைத்தால் மின்சாரம் பிறக்கும் என்று 1831இல் காட்டினார். இண்டைக்கும் ஜெனரேட்டர் ஓடுறது இந்த விதியாலதான்.

அவ்வளவு பெரிய மனிசன், சிறுவர்களுக்கென்று 19 கிறிஸ்துமஸ் விரிவுரைத் தொடர்களை நடத்தினார். கண்ணுக்கு முன்னால செய்து காட்டுவதுதான் அவர் பாடம். உயர்கணிதம் படிக்காத அவர், காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் போடும் கோடுகளைப் பார்த்தே காந்தப்புலத்தை விளங்கிக்கொண்டார். ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி தேடி வந்தபோதும் வேண்டாமென்றார். 1867இல் காலமானார்.

புலம்பெயர்ந்த நாங்கள் டியூஷனுக்குக் காசைக் கொட்டுறம். பிள்ளை சூத்திரத்தைப் பாடமாக்குது, காந்தத்தைத் தொட்டதில்லை. ஒரு காந்தம், ஒரு வெள்ளைத்தாள், ஒரு பிடி இரும்புத்தூள் வாங்கிக் குடுங்கோ. தூள் கோடு போடுறதை அது முதலில பார்க்கட்டும். சூத்திரம் பிறகு வரும்.