கெட்டிப்பாலை எதிர்த்துப் பேசிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ்

கைக்குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பாலே போதும் என்று நம் அரசாங்கக் கிளினிக் தாதியர் இன்று சொல்கிறார்கள். போருக்கு முன்பே சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இதற்காக உரக்கப் பேசியவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ்.

1893இல் ஜமைக்காவில் பிறந்து, ஆக்ஸ்ஃபர்டில் மருத்துவம் பயின்ற அவர், 1929இல் ஆங்கிலேய அரசின் மருத்துவச் சேவையில் சேர்ந்து கோல்ட் கோஸ்ட்டுக்கு (இன்றைய கானா) அனுப்பப்பட்டார். அங்கே கால் வீங்கி, தோல் உரிந்து, முடி செம்பட்டையாகிப் பிள்ளைகள் இறந்துகொண்டிருந்தனர். மற்ற மருத்துவர்கள் அதை வேறு ஏதோ நோய் என்றார்கள். வில்லியம்ஸ் உள்ளூர்ப் பெண்களிடம் கேட்டார். அவர்களின் கா மொழியில் அதற்குக் குவாஷியோர்கர் என்று பெயர். அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்ததற்கு வரும் நோய் என்று பொருள். தாய்ப்பால் நின்று, வெறும் சோளக் கஞ்சியில் வளர்ந்ததால் புரதம் கிடைக்காமல் போனதே காரணம் என்று அவர் கண்டார். 1935இல் அந்தப் பெயரையே மருத்துவ இதழான லான்செட்டில் எழுதினார். பாமரத் தாய்மார் வைத்த பெயர் இன்றும் மருத்துவப் பாடநூல்களில் இருக்கிறது.

1936இல் மலாயாவுக்கு மாற்றலானார். சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே வார்டுகளில் பிள்ளைகளைக் கவனித்தவர், இங்கே வேறொரு கொடுமையைப் பார்த்தார். பால் நிறுவனங்கள் பெண்களுக்குத் தாதி போல உடை அணிவித்து, தாய்ப்பாலுக்கு ஈடு என்று இனிப்புக் கெட்டிப்பாலை விற்றுவந்தன. தே தாரேக்குக் கெட்டிப்பால் சரிதான். பச்சைக்குழந்தைக்கு அதுவே ஆகாரமாகுமா? சர்க்கரை மிகுந்த அந்தப் பாலில் ஏ, டி உயிர்ச்சத்துகள் போதாது. டின் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று ஏழைத் தாய் தண்ணீரை அதிகம் கலப்பாள். தண்ணீரும் சுத்தமாக இருக்காது. இதற்குள் அவளுடைய பால் வற்றிப்போயிருக்கும்.

1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேச அழைத்தபோது, பாலும் கொலையும் என்று தம் உரைக்குத் தலைப்பு வைத்தார். தவறான பால் பிரசாரத்தால் நேரும் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்று பெரிய மனிதர்கள் நிறைந்த சபையில் சொன்னார். அந்தக் காலத்தில் அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஒரு பெண் இப்படிப் பேசுவது சாதாரணமல்ல.

1941இல் ஜப்பானியர் படையெடுத்தபோது திரெங்கானுவில் பணியில் இருந்தார். காட்டு வழியே சிங்கப்பூர் வந்து சேர்ந்தவரைச் சாங்கியில் அடைத்தார்கள். பெண்கள் முகாமுக்குத் தலைவியாகவும் இருந்தார். 1943இல் கெம்பெய்தாய் காவலர் கொண்டுபோய்ப் பல மாதம் கூண்டில் வைத்தனர். அவரே பெரிபெரி நோயால் அவதிப்பட்டார். பட்டினி கிடந்த அந்த முகாமில் 20 குழந்தைகள் பிறந்தன. 20 பேருக்கும் தாய்ப்பால். 20 பேரும் பிழைத்தனர். டின் பால் கிடைக்காத இடத்தில் கிடைத்த இந்தக் கணக்கை அவர் பிற்காலத்தில் விடாமல் எடுத்துச் சொல்வார்.

1948இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். தாய்மாரை விற்பனையாளர்கள் நேரில் அணுகக் கூடாது என்ற விதி அடங்கிய அனைத்துலக நெறிமுறை 1981இல் அங்கே நிறைவேறியபோது அவருக்கு வயது 87. சிங்கப்பூர் உரை நிகழ்ந்து 42 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1992இல், 98 வயதில், ஆக்ஸ்ஃபர்டில் காலமானார்.