தோலின் நுட்பம் கண்ட பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன்

தாம்பரத்திற்கு அருகிலுள்ள குரோம்பேட்டை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு எழுந்த குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊராகும். ஆவாரம்பட்டை கொண்டும், பின்னர் குரோமிய உப்புக் கொண்டும் தமிழகத்தில் தோல் பதனிட்டவருள் நம் மக்கள் பலர். அவர்தம் உழைப்பின் பயனைத் துய்த்த சமுதாயம், உழைத்தவரைத் தீண்டாமையால் ஒதுக்கி வைத்தது. அத்தோலில் அடங்கிய மூலக்கூறின் அமைப்பை உலகிற்கு அறிவித்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் பணியாற்றிய பேராசிரியர் இராமச்சந்திரன் ஆவார்.

அன்னார் 1922 அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கல்லூரிக் கணிதப் பேராசிரியர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் கற்று, பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சிப் பயிற்சி பெற்று, கேம்பிரிட்ஜிலும் பட்டம் பெற்றார். 1952இல், முப்பது வயதளவில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார்.

தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றிற்கு உறுதி தரும் புரதம் கொலாஜன். அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அதன் மாதிரிகளைப் பெற்று, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தார். அப்புரதம் மூன்று சங்கிலிகளால் ஆனது என்று 1954இல் இருவரும் வெளியிட்டனர். அச்சங்கிலிகள் மூன்று புரிக் கயிறுபோல் முறுக்கிக்கொண்டுள்ளன என்பதை 1955இல் விளக்கினர். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் வருகிறது. முறுக்கின் நடுவே வேறெதற்கும் இடமில்லை; அமினோ அமிலங்களுள் மிகச் சிறியதே அங்கு அடங்கும். தோல் பதனிடும்போது குரோமியம் இச்சங்கிலிகளைத் தம்முள் பிணைக்கிறது. அதனாலேயே பதனிட்ட தோல் அழுகுவதில்லை.

கேம்பிரிட்ஜ் அறிஞர் கிரிக்கும் ரிச்சும் அவ்வமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று குறை கூறினர். இராமச்சந்திரன் சினங்கொள்ளவில்லை, சோர்ந்து ஒதுங்கவுமில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆராயத் தலைப்பட்டார். சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய தம் மாணவர்களுடன் 1963இல் ஒரு வரைபடத்தை வெளியிட்டார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரு கோணங்களில் திரும்ப வல்லது. எக்கோணங்களில் அணுக்கள் மோதாமல் அமையும் என்பதை அப்படம் காட்டுகிறது. இன்றும் உலகெங்கும் புரத அமைப்புகளைச் சரிபார்க்க இராமச்சந்திரன் வரைபடம் பயன்படுகிறது. உயிர்வேதியியல் பாடநூல்களிலும் அது இடம்பெற்றுள்ளது.

பின்னர்ப் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை நிறுவினார். 1977இல் இலண்டன் இராயல் கழக உறுப்பினரானார். 2001 ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் இயற்கை எய்தினார்.

இளைஞர்களே! கணிதம் கற்பிக்கும் தந்தை அவருக்கு வீட்டிலேயே இருந்தார். நம் பிள்ளைகள் பலருக்கு அவ்வாய்ப்பு இல்லை. அந்த வீட்டின் இடத்தைக் கல்விச் சங்கமே நிரப்ப வேண்டும். படித்து முன்னேறியோர் மாலைதோறும் ஒரு மணி நேரமாவது இளையோர்க்கு அறிவியல் கற்பிக்க வேண்டும். தீண்டத்தக்கவர், தகாதவர் என்று மனிதர் வகுத்த வேற்றுமை கொலாஜனில் இல்லை. எவர் தோலிலும் அதே மூன்று புரி முறுக்குத்தான். நம் முன்னோர் கைகளால் அறிந்த பொருளை நாம் ஆய்வுக்கூடத்தில் அறிவோமாக.