செஞ்சிலுவை அன்னை கிளாரா பார்ட்டன்

போர்க்களத்தில் காயமுற்ற வீரர்களுக்கு உதவும் இயக்கமாகவே செஞ்சிலுவை தோன்றியது. வெள்ளமும் புயலும் தீயும் மக்களை வாட்டும்போதும் அது உதவிக்கு வர வேண்டும் என்று அயராது பாடுபட்டு வென்றவர் ஒரு பெண்மணி. அவரே அமெரிக்க நாட்டுக் கிளாரா பார்ட்டன் அம்மையார்.

மாசச்சூசட்ஸ் மாநிலத்தில், வடக்கு ஆக்ஸ்போர்டு என்னும் ஊரில், 1821ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், ஐந்து குழந்தைகளில் கடைக்குட்டியாக அவர் பிறந்தார். பிறரிடம் பேசவே கூசும் சிறுமி அவர். 11 வயதில், கூரையிலிருந்து விழுந்து படுத்த படுக்கையான அண்ணன் டேவிட்டைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஏறத்தாழ இரண்டாண்டுகள் அருகிலிருந்து மருந்து கொடுத்துப் பேணினார். அண்ணன் நலம் பெற்று எழுந்தார். தங்கைக்கோ தொண்டு செய்யும் துணிவு பிறந்தது.

வளர்ந்தபின் அவர் ஆசிரியை ஆனார். 1852இல் நியூஜெர்சி மாநிலத்துப் போர்டன்டவுனில் ஏழைக் குழந்தைகளுக்காக இலவசப் பள்ளியைத் தொடங்கினார். ஒரு சில பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளியில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தனர். ஆனால் புதிய கட்டடம் எழும்பியதும் தலைமைப் பதவி ஓர் ஆடவருக்கே அளிக்கப்பட்டது. மனம் வருந்திய அம்மையார் வேலையைத் துறந்து, வாஷிங்டன் சென்று அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார்.

1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. காயமுற்றோருக்கு மருந்தும் துணியும் காலத்தில் போய்ச் சேராததை அவர் கண்டார். 1862இல் அனுமதி பெற்று, பொருள்களை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போர்முனைக்கே சென்றார். ஆன்டீட்டம் போர்க்களத்தில் அவர் ஒரு வீரனைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய சட்டைக் கையைத் துளைத்துச் சென்ற குண்டு அவ்வீரனின் உயிரைக் குடித்தது. அம்மையார் களத்தை விட்டு அகலவில்லை. போர் முடிந்தபின் காணாமற்போன வீரர்களைத் தேடி, 22,000க்கும் மேற்பட்டோரின் கதி என்னவென்று கண்டறிந்தார்.

1869இல் ஐரோப்பா சென்றபோதுதான் செஞ்சிலுவை இயக்கத்தை அவர் அறிந்தார். தம் நாட்டிலும் அதை அமைக்கப் பல ஆண்டுகள் முயன்றார். போர் இல்லாத நாட்டுக்கு இது எதற்கு என்று தயங்கியோரிடம், இயற்கைச் சீற்றங்களை எடுத்துக்காட்டி வாதிட்டார். 1881 மே மாதம் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் பிறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், அவர் வாழ்ந்த டான்ஸ்வில் என்னும் சிற்றூரில் முதல் உள்ளூர்க் கிளை அமைந்தது. அடுத்த மாதமே மிச்சிகனில் பெருங்காட்டுத் தீ பரவியது. புதிய கிளையினர் பணமும் துணிமணிகளும் திரட்டி அனுப்பினர்.

1889 மே 31 அன்று பென்சில்வேனியாவில் ஓர் அணை உடைந்து ஜான்ஸ்டவுன் நகரை வெள்ளம் அழித்தது. 2,209 பேர் மாண்டனர். அப்போது அம்மையாருக்கு வயது 67. ஐந்தே நாட்களில் மருத்துவர்களும் செவிலியரும் அடங்கிய குழுவோடு அங்கே சேர்ந்தார். கூடாரங்களில் நோயாளிகளைப் பராமரித்தனர். வீடிழந்தோருக்குத் தங்குமிடம் கட்டினர். ஏறத்தாழ ஐந்து மாதங்கள் அங்கேயே தங்கிப் பணியாற்றினார். 1900இல் கால்வெஸ்டன் நகரைப் புயல் சிதைத்தபோது, 78 வயதிலும் நேரில் சென்றார்.

எல்லாவற்றையும் தாமே நடத்துகிறார், கணக்குகள் சரிவர எழுதப்படவில்லை என்று குறை கூறுவோர் பெருகவே, 1904இல் அவர் தலைமைப் பதவியை விட்டு விலகினார். ஆயினும் ஓய்ந்திருக்கவில்லை. மறு ஆண்டே தேசிய முதலுதவிச் சங்கத்தைத் தொடங்கி, பொதுமக்கள் முதலுதவி கற்க வழிசெய்தார். 1912 ஏப்ரல் 12ஆம் நாள், தம் 90ஆம் வயதில் உயிர்நீத்தார்.

அன்பு மாணவியரே, வெள்ளம் வந்தபின் கட்டுப்போடக் கற்க நேரமிராது. இரக்கம் எல்லோர் உள்ளத்திலும் உண்டு. பழகிய கைகளும் ஆயத்தமான குழுவும் இருந்தால்தான் அது உயிரைக் காக்கும். இதை உணர்ந்து உழைத்ததே அம்மையாரின் பெருமை. நம் பள்ளிகளில் நடைபெறும் இளஞ்செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து முதலுதவி கற்கும் ஒவ்வொரு மாணவியும் அவர் தொடங்கிய பணியைத் தொடர்கிறாள்.