இரண்டாம் முறை கடலில் இறங்கியவர்



இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் கிடைக்காத பேதுருவை மறுபடி வலை போடச் சொல்கிறார் இயேசு (லூக்கா 5). தோற்ற இடத்திலேயே திரும்ப இறங்குவது எளிதல்ல. இப்பகுதியை வாசிக்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் நீச்சல் வீராங்கனை ஆரத்தி சாகா. அவர் நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் அவரது வாழ்வு நமக்கும் உரியதே.

1940 செப்டம்பர் 24 அன்று கல்கத்தாவில் பிறந்தார். இரண்டரை வயதில் தாயை இழந்தார்; பாட்டியின் வீட்டில் வளர்ந்தார். கங்கைப் படித்துறைக்குக் குளிக்கப் போய்ப் போய் நீந்தப் பழகினார். மகளின் ஆர்வத்தைக் கண்ட தந்தை அவரை ஹாட்கோலா நீச்சல் மன்றத்தில் சேர்த்தார்.

நம் கொட்டாம்பட்டிப் பக்கம் கண்மாய்க்கும் கிணற்றுக்கும் குறைவில்லை. பையன்கள் தாமாகவே நீச்சல் பழகிவிடுகிறார்கள். பெண்பிள்ளை இறங்கினால் மட்டும் நாம் முகம் சுளிக்கிறோம். ஆகவே அந்தத் தந்தையின் துணிவைத்தான் நான் முதலில் மெச்சுவேன்.

1951 ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்ற சச்சின் நாக் அவருக்குப் பயிற்சி தந்தார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக நீந்தியபோது ஆரத்திக்கு 12 வயதுகூட நிரம்பவில்லை.

1958-ல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தவர் கிழக்குப் பாகிஸ்தானின் பிரஜேன் தாஸ். அடுத்த ஆண்டுப் போட்டிக்கு ஆரத்தியின் பெயரைப் பரிந்துரைத்தவரும் அவரே. பிரிவினையின் காயம் ஆறாத காலத்தில் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த இந்த நல்லெண்ணம் சிறிய காரியமல்ல. பயணத்துக்குப் பணமில்லை. முதலமைச்சர் டாக்டர் பி.சி. ராய் 11,000 ரூபாய் ஒதுக்கினார். பிரதமர் நேருவும் அக்கறை காட்டினார்.

கால்வாயின் மிகக் குறுகிய அகலமே சுமார் 34 கிலோமீட்டர். நீரோட்டம் பக்கவாட்டில் இழுப்பதால் யாரும் நேர்கோட்டில் நீந்த முடியாது. உணவைப் படகிலிருந்து நீட்டுவார்கள். ஆனால் சோர்ந்துபோய்ப் படகைத் தொட்டுவிட்டால் அத்துடன் முயற்சி முடிந்தது.

1959 ஆகஸ்ட் 27 அன்று அவருக்குத் துணையாக வர வேண்டிய படகு 40 நிமிடம் தாமதமாக வந்தது. சாதகமான நேரம் கைநழுவியது. பல மணி நேரம் நீந்தி இங்கிலாந்துக் கரையை நெருங்கிய வேளையில் எதிர் நீரோட்டம் தடுத்துவிட்டது. கரை சேராமலே வெளியேற நேர்ந்தது. தவறு அவருடையதல்ல. அப்படியே ஊர் திரும்பியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ திரும்பவில்லை. அங்கேயே தங்கிப் பயிற்சியைத் தொடர்ந்தார்.

செப்டம்பர் 29. நாம் அதிதூதர்களின் விழா கொண்டாடும் நாள். அதிகாலையில் பிரான்சின் கிரி நே முனையிலிருந்து மறுபடி இறங்கினார். 16 மணி 20 நிமிடம் நீந்தி, இருட்டிய பின் இங்கிலாந்தின் சாண்ட்கேட் கரையில் ஏறினார். நீரோட்டம் அலைக்கழித்ததில் அவர் நீந்திய தூரம் 42 மைல். கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண் அவரே. அப்போது வயது 19.

1960-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதைப் பெற்ற முதல் இந்திய விளையாட்டு வீராங்கனை அவர்தான். பயணத்தில் உடன் சென்று உதவிய மருத்துவர் அருண் குப்தாவை மணந்தார். ரயில்வேயில் வேலை பார்த்தார், ஒரு மகளை வளர்த்தார். 1994 ஆகஸ்ட் 23 அன்று, மஞ்சள் காமாலையும் மூளைக்காய்ச்சலும் தாக்கி, 53 வயதில் கல்கத்தாவில் காலமானார்.