பாரதியார் வைத்துச் சென்ற சொத்து

நிலத்துக்கும் வீட்டுக்கும் பத்திரம் எழுதிப் பத்திரப்படுத்துவதில் நம்மவர் மிகுந்த கருத்துடையர். ஆயினும் ஒருவர் தம் அறிவினால் ஆக்கிய நூலும் பாட்டும் பொறியும் சொத்தேயாகும் என்பதை எண்ணுவோர் சிலரே. இவ்வுண்மையை நம் குடும்பங்கள் உணர்தற்குச் சுப்பிரமணிய பாரதியாரின் சரித்திரம் பெரிதும் துணை செய்யும்.

பாரதியார் 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் எட்டயபுரத்தில் சின்னச்சாமி ஐயருக்கும் இலக்குமி அம்மாளுக்கும் புதல்வராகப் பிறந்தார். தந்தையார் இயந்திரக் கலையில் ஈடுபாடு கொண்டவர். பஞ்சரைக்கும் ஆலை ஒன்றை நிறுவப் புகுந்து, கைப்பொருளை இழந்து, 1898-இல் காலமானார். இளமையிலேயே புலமையாற் பாரதி என்னும் பட்டம் பெற்ற மைந்தர்க்கு எஞ்சிய பிதுரார்ஜிதம் வறுமையே.

1904-இல் அவர் சென்னை சென்று சுதேசமித்திரன் பத்திரிகையில் அமர்ந்தார். பின்னர் இந்தியா என்னும் வாரப் பத்திரிகையை நடத்தினார். அரசாங்கத்தின் அடக்குமுறை சூழவே, 1908-இல் புதுச்சேரியை அடைந்து பத்தாண்டுகள் அங்கே வாழ்ந்தார். கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் அக்காலத்தில் எழுந்தனவே. 1918-இல் வெளிவந்தவுடன் சிறைப்பட்டு, விடுதலையாகிக் கடையம் சேர்ந்தார்.

தம் எழுத்தின் மதிப்பைப் பாரதியார் அறியாதவரல்லர். 1920-இல் தம் படைப்புக்களை நாற்பது நூல்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடத் திட்டமிட்டு, நண்பர்களிடம் கடனாகப் பொருள் கேட்டார். வேண்டிய தொகை சேர்ந்திலது. 1921 செப்டம்பரில், முப்பத்தொன்பது வயது நிரம்புமுன், திருவல்லிக்கேணியில் அவர் உயிர் நீத்தார். மனைவி செல்லம்மாளுக்கும் இரு பெண்களுக்கும் அவர் வைத்துச் சென்றது எழுத்துக்களே.

அக்காலச் சட்டப்படி நூலின் உரிமை ஆசிரியரின் ஆயுளுக்கும், அதன்பின் ஐம்பதாண்டுக்கும் உண்டு. ஆகவே அச்செல்வம் செல்லம்மாளுக்கே உரியதாயிற்று. அவ்வம்மையார் சில நூல்களை வெளியிட்டும் பார்த்தார். எனினும் உரிமை ஏட்டில் இருந்தால் அடுப்பு எரியுமோ? 1931-இல் அது பாரதியாரின் இளைய சகோதரர் விசுவநாத ஐயரிடம் சென்றது. அவர் நூல்களை நன்முறையிற் பதிப்பித்தார் என்பதும் கூறத்தக்கதே. பாட்டுக்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமையோ தனியே ஒரு வணிகர் கைப்பட்டு, அவரிடமிருந்து ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரை அடைந்தது. 1947-இல் அவரது நாம் இருவர் படத்தில் அப்பாட்டுக்கள் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தன. டி.கே.எஸ். சகோதரர்கள் தம் பில்ஹணன் படத்தில் ஒரு பாட்டைச் சேர்த்தபோது வழக்கு மூண்டது. தமிழர் அனைவர்க்கும் உரிய பாட்டைத் தனியொருவர் தடுப்பதோ என்று நாடெங்கும் குரல் எழுந்தது.

1949-இல் சென்னை அரசாங்கம் அவ்வுரிமைகளைப் பெற்றது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரும், ஏப்ரல் முதல் நம் இராஜபாளையத்துக் குமாரசாமி ராஜா அவர்களும் முதன்மை அமைச்சர்களாக விளங்கினர். செட்டியார் தம் உரிமையைப் பொருள் பெறாமலே வழங்கினார். விசுவநாத ஐயருக்கு 15,000 ரூபாயும், செல்லம்மாளுக்கும் இரு பெண்களுக்கும் தலைக்கு 5,000 ரூபாயும் அளிக்கப்பட்டன. பின்னர்ப் பாரதியார் படைப்புக்கள் யாவர்க்கும் பொதுவாயின.

அய்யனார் கோவில் மலையிலிருந்து இறங்கும் ஆற்று நீரைத் தேக்கியே இராஜபாளையத்தார் பருகுகின்றனர். கரையில்லையேல் நீர் வீணாகும். மடை திறவாவிடில் ஊர் வாடும். அறிவுச் சொத்தும் அத்தன்மையதே. ஆக்கியோனும் அவன் குடும்பமும் பிழைக்கக் கரை வேண்டும். உரிய காலத்தில் உலகுக்குப் பாய மடையும் வேண்டும். பாரதியார் குடும்பத்துக்குக் கரையும் உதவவில்லை; மக்களுக்கு மடையும் எளிதில் திறக்கவில்லை.

இன்றைய சட்டம் நூலாசிரியரின் ஆயுளுக்குப் பின் அறுபதாண்டும், புதுப்பொறி கண்டவர்க்கு விண்ணப்பித்த நாள் முதல் இருபதாண்டும் உரிமை தருகின்றது. நூலுரிமை எழுதியவுடனே உண்டாகும். பொறிக்கோ விண்ணப்பித்துப் பெறல் வேண்டும், அதுவும் ஊரறியக் காட்டுமுன். நூலுரிமையைப் பிறர்க்கு மாற்றுவது எழுத்தில், கையொப்பத்துடன் இருத்தல் வேண்டும். காலம் குறிக்கப்படாவிடில் அம்மாற்றம் ஐந்தாண்டே செல்லும்.

ஆதலின் நம் பிள்ளைகளில் கதை புனைவோரும், பாட்டு இசைப்போரும், ஆலைகளிற் புதிய கருவி அமைப்போரும் முட்டுப்பாடு நேர்ந்த வேளையில் முழுவுரிமையையும் ஒரே தாளில் எழுதிக் கொடாதிருப்பாராக. அவர்க்குக் கைப்பொருள் உதவி அந்நாளைக் கடத்துவித்தல், பாரதியாருக்குக் கிட்டாத அவ்வுதவியை நம் வீட்டார்க்குச் செய்ததாகும்.