மக்களவையின் மூத்த குரல்

புதிய மக்களவை கூடும் முதல் நாளில் அந்த அவைக்குத் தலைவர் இருப்பதில்லை. பழைய தலைவரின் பதவி, புதிய அவை கூடுவதற்குச் சற்று முன் முடிந்துவிடும். புதியவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய உறுப்பினர்களோ இன்னும் உறுதிமொழி ஏற்றிருக்க மாட்டார்கள். இந்த இடைவெளியை நிரப்ப உறுப்பினர்களில் ஒருவரை இடைக்கால அவைத் தலைவராகக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அவர் மூத்தவராக இருக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் கூறவில்லை, மரபு கூறுகிறது. அந்த மரபு குறித்துச் சர்ச்சை எழும்போதெல்லாம் எனக்கு இந்திரஜித் குப்தாதான் நினைவுக்கு வருகிறார். 1991, 1996, 1998, 1999 என அடுத்தடுத்து நான்கு மக்களவைகளை அந்த இருக்கையில் அமர்ந்து தொடங்கிவைத்தவர் அவர்.

1919 மார்ச் 18-இல் கொல்கத்தாவில் பிறந்தார். பாட்டனார் பிகாரிலால் குப்தா ஐ.சி.எஸ். அதிகாரி; பரோடா சமஸ்தானத்தின் திவானாகவும் இருந்தவர். அண்ணன் ரணஜித்தும் ஐ.சி.எஸ்.; மேற்கு வங்கத்தின் தலைமைச் செயலராக உயர்ந்தவர். தில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி, பிறகு கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி என்று தம்பியின் கல்வியும் அதே பாதையில்தான் சென்றது. ஆனால், இங்கிலாந்திலிருந்து அவர் பொதுவுடைமைவாதியாகத் திரும்பினார். சணல் ஆலைத் தொழிலாளர்களுடனும் துறைமுகத் தொழிலாளர்களுடனும் சங்கப் பணியில் இறங்கினார். கட்சி தடை செய்யப்பட்டபோது தலைமறைவானார், சிறைக்கும் சென்றார்.

1960-இல் நடந்த ஓர் இடைத்தேர்தலில் கொல்கத்தா தென்மேற்குத் தொகுதியிலிருந்து முதன்முறையாக மக்களவைக்கு வந்தார். 1962, 1967, 1971 தேர்தல்களிலும் வென்றார். இதற்கிடையே 1964-இல் கட்சி பிளவுபட்டது. மேற்கு வங்கத்தில் மார்க்சிஸ்டுகள் வளர, அவர் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியிலேயே நின்றார். அவசரநிலையை ஆதரித்ததற்கான விலையை அக்கட்சி 1977-இல் கொடுத்தது, அவரும் தோற்றார். அவசரநிலையை ஆதரித்த அந்த நிலைப்பாட்டுக்கு இன்றும் என்னால் சமாதானம் சொல்ல முடியவில்லை. 1980-இல் பஷீர்ஹாட் மக்கள் அவரைத் திரும்ப அனுப்பினர். 1989 முதல் மிதுனபுரி. மொத்தம் பதினோரு வெற்றிகள். வாஜ்பாய்கூட மக்களவைக்குப் பத்து முறைதான் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இவ்வளவு நீண்ட காலத்தில் பெரும்பகுதியும் எதிர்க்கட்சி வரிசையில்தான். 1960-இல் அவைக்கு வந்தவர் முதன்முறையாக அமைச்சரானது 1996 ஜூனில். அதுவும் உள்துறை! ஒரு காலத்தில் காவல் துறையின் கண்ணில் படாமல் ஒளிந்து வாழ்ந்தவரின் கையில் அந்தத் துறையே வந்து சேர்ந்தது. தேவெகௌடா, குஜ்ரால் என இரு பிரதமர்களின் அமைச்சரவைகளில் 1998 மார்ச் வரை அப்பொறுப்பில் இருந்தார். அமைச்சருக்குரிய பெரிய மாளிகையை ஏற்காமல், தில்லி வெஸ்டர்ன் கோர்ட்டில் இருந்த தமது சிறிய குடியிருப்பிலேயே தொடர்ந்து வசித்தார். இந்த எளிமையைப் பலரும் எழுதிவிட்டார்கள். தேர்தல் செலவை அரசு ஏற்பது குறித்து ஆராய 1998-இல் அமைக்கப்பட்ட குழுவுக்கு அவர் தலைமை வகித்ததைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டும், பணமாக அல்லாமல் பொருளாகவும் வசதியாகவும் உதவலாம் என்றது அக்குழு. அந்த அறிக்கை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது, நடைமுறைக்குத்தான் வரவில்லை.

மூத்தவர் யார் என்ற கேள்விக்கு வருகிறேன். 2024-இல் எட்டு முறை வென்ற கொடிக்குன்னில் சுரேஷ் இருக்க, ஏழு முறை வென்ற பர்த்ருஹரி மஹதாப் இடைக்காலத் தலைவராக நியமிக்கப்பட்டார். சுரேஷ் இடையில் தோற்றவர், மஹதாப் இடைவிடாது வென்றவர் என்பது அரசுத் தரப்பின் விளக்கம். இந்த அளவுகோலை 1998-க்குக் கொண்டுசென்று பார்த்தேன். அப்போது லட்சத்தீவின் பி.எம். சயீத் 1967 முதல் ஒருமுறைகூடத் தோற்காமல் ஒன்பதாவது முறையாக வந்திருந்தார். 1977-இல் தோற்ற இந்திரஜித் குப்தாவின் தொடர் கணக்கு 1980-இலிருந்துதான் தொடங்கும், வெற்றிகள் ஆறு. எனினும், மொத்தமாகப் பத்து முறை வென்றவர் என்ற வகையில் அவருக்கே அந்த இருக்கை தரப்பட்டது. சயீத் பின்னர் துணைத் தலைவரானார்.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. அன்று பொறுப்பேற்றிருந்தது வாஜ்பாய் அரசு. இந்திரஜித் குப்தாவோ, அதற்குச் சில நாள்கள் முன்புவரை எதிரணி அரசின் உள்துறை அமைச்சர். அந்த அவையில் வாஜ்பாய் அரசுக்குப் பெரும்பான்மையே நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும், புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் கொள்கையில் நேர் எதிரியான ஒருவர் அவையை நடத்துவதற்கு அவ்வரசு தயங்கவில்லை. 1999-இலும் அவ்வாறே செய்தது. தோல்வி ஒருவரின் அனுபவத்தை அழித்துவிடுவதில்லை என்ற புரிதல் அன்று இரு தரப்பிலும் இருந்ததாகவே நான் எண்ணுகிறேன். தோற்ற ஆண்டுகளுக்குப் பிறகு அவர் அவையில் ஆற்றிய பணிக்குத்தானே 1992-இல் சிறந்த நாடாளுமன்ற உறுப்பினர் விருதும் கிடைத்தது.

2001 பிப்ரவரி 20-இல் அவர் காலமானபோது வயது 81. அப்போதும் மிதுனபுரியின் உறுப்பினர்தான். அதன் பின் நடந்த இடைத்தேர்தலில் அவரது கட்சியைச் சேர்ந்த பிரபோத் பாண்டா வென்று அவைக்கு வந்தார்.